குடிக்காமலே குடியை விட்டது

நான் குடிகாரன் என்ற தீர்மானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிறைவேறியது. முன்மொழிந்தவர் என் மைத்துனர். வழிமொழிந்தவர் என் மனைவி. மகள் எதிர்த்தாள். நான் வாக்களிக்கவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே பேச்சையும் பின்தொடர்வது அப்போது எனக்கு முடியாத காரியமாகியிருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம். நான் தோசையைத் தேர்ந்தேன்.

ஒரு தமிழ் நாளிதழுக்குக் கண்டியிலிருந்து பல வருடம் செய்தி எழுதியவன் நான். மாநகர சபைக் கூட்டங்களில் உட்கார்ந்தே முதுகு வளைந்தது. தீர்மானங்கள் எப்படி நிறைவேறும் என்பது எனக்குப் புதிதல்ல. பேசத் தெரிந்தவர் பேசுவார்; மற்றவர்கள் சாப்பிடுவார்கள்.

முந்திய நாள் நாவலப்பிட்டியிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அங்கே ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். நல்ல வெயில். வரவேற்க வாசலுக்குப் போன நான் படியில் தடுமாறி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். பாசத்தில் கட்டிப்பிடிக்கிறேன் என்று எண்ணி அவரும் என்னைக் கட்டிப்பிடித்தார். அதுவரை பழுதில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

"கடை எந்த இடத்துலங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல."

வடை வந்தது. "கடை எந்த இடத்துலங்க?" என்றேன். "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலங்க" என்றார், கொஞ்சம் சத்தமாக. எனக்குக் காது மந்தம் என்று நினைத்திருக்க வேண்டும். தேநீர் வந்தது. மூன்றாவது தடவை நான் கேட்டபோது அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி வடைத் தட்டைப் பார்த்தாள். வெயிலில் என் நாக்கும் தடித்துப்போயிருந்தது. என்ன பேசினாலும் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

அன்று மாலையே மைத்துனருக்கு அழைப்பு வந்தது. பெண் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு சந்தேகம். பெண்ணுடைய அப்பா தண்ணி போடுவாரோ?

மைத்துனர் ஒரு மூச்சு நேரம் யோசித்தாராம். "கொஞ்சம்" என்று சொல்லிவிட்டார்.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?" என்றார் மறுநாள் காலையில், என் தட்டிலிருந்த சட்னியைத் தொட்டுக்கொண்டே. "நரம்பு வியாதின்னு சொல்லவா? மூளையில புள்ளி புள்ளியா விழுந்திருக்குன்னு சொல்லவா? அப்படியே போனை வச்சிருப்பாங்க."

"அப்பா ஒரு சொட்டுத் தொட்டதில்ல, மாமா" என்றாள் மகள்.

"அதாம்மா வசதி. நாளைக்கே விட்டுட்டாருன்னு சொல்லிரலாம். வியாதியை அப்படி விட முடியுமா?"

"வியாதி வருத்தம்னு சொன்னாக் கேவலம், குடிகாரன்னு சொன்னாக் கேவலம் இல்லையா?"

என் மனைவி தோசைக் கரண்டியோடு வந்தாள். "குடிக்கிற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னா இந்தக் கண்டியில எவனுக்கும் கல்யாணம் நடக்காது. எந்திரிச்சுக் கையைக் கழுவுங்க, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று கடைசிப் பாதியை எனக்குச் சொன்னாள்.

மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. வேறு எந்தக் காரணமும் எங்களைக் கட்டிப்போட்டிருக்காது.

என் நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எங்கள் பக்கத்தில் அதைக் கேள்விப்பட்டவர்கள் இல்லை. சீனி வருத்தம் என்றால் எதிரில் இருப்பவர் தன் இரத்தச் சீனி அளவைச் சொல்வார். பிரஷர் என்றால் ஒரு கஷாயம் சொல்வார். இந்தப் பெயரைச் சொன்னால் "அப்படியா?" என்று விட்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். முதலில் ஒரு கண் மங்கியது. பிறகு ஒரு கால் மரத்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் பெயர் கிடைத்தது. காலும் கண்ணும் ஓரளவு திரும்பி வந்தன. பிறகு வந்த மாற்றத்தை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். ஒரு நாள் குளியலறையிலிருந்து மனைவியிடம் வாளி கேட்டேன். வாளி என்ற சொல் வரவில்லை. "தண்ணியை உக்கார வைக்கிற சாமான்" என்றேன். அவள் கேத்தலைக் கொண்டுவந்தாள். இல்லை என்றேன். பிளாஸ்க்கைக் கொண்டுவந்தாள். அதற்குள் எனக்குக் குளிரெடுத்துவிட்டது.

என்னைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "உங்கட புத்தி எங்கயும் போகேல்ல" என்றார். "செய்தி போற பாதைதான் பழுது. நரம்புக்கு மேல இருக்கிற உறை அங்கங்க அழிஞ்சு போச்சு. பழசெல்லாம் இருக்கும். புதுசு உள்ள போகத்தான் நேரம் எடுக்கும். ஒரு நேரத்தில ஒண்டைச் செய்யுங்கோ. வெயிலுக்க திரியாதேங்கோ, சூடு பட்டா இன்னும் மந்தமாகும்."

எனக்கு அது உடனே விளங்கியது. இளம் வயதில் தபாற்கந்தோரிலிருந்து டிரங்க் கோல் எடுத்துக் கொழும்புக்குச் செய்தி வாசிப்பேன். மழை நாளில் கம்பி முழுக்க இரைச்சலாக இருக்கும். மறுமுனையில் எழுதிக்கொள்பவர் "என்ன? என்ன?" என்று கத்துவார். செய்தியில் பிழை இருக்காது. வாசிப்பவனும் கேட்பவனும் முட்டாள்கள் அல்ல. ஆனாலும் காலையில் பத்திரிகையில் வேறு எதுவோ வந்திருக்கும். இப்போது இரு முனையிலும் நானே நிற்கிறேன்.

இந்த நிலையில் என்னிடம் ஒரு பொய்யைக் கொடுத்துப் பாதுகாக்கச் சொன்னார்கள். பொய்க்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும். உண்மை மறந்துபோனால் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பொய்யை எங்கே போய்ப் பார்ப்பது?

மகள் அதற்குள் மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். தனக்கு அது ஒரு பொருட்டில்லை என்றும், தன் அம்மாவிடம் மட்டும் இப்போது வேண்டாம் என்றும், அவர் நோய் என்றால் தலைமுறைக் கணக்குப் பார்ப்பவர் என்றும் மாப்பிள்ளை சொன்னாராம். இதை மகள் என்னிடம் சொன்னாள். நானும் "ம்" என்றேன். அந்த "ம்" எனக்கு நினைவிருக்கிறது. எதற்காகச் சொன்னேன் என்பது மறந்துவிட்டது.

பிறகு நாங்கள் நாவலப்பிட்டிக்குப் போக வேண்டிய முறை. ரயிலில் போனோம். கம்பளை தாண்டியதும் மைத்துனர் எனக்குப் பாடம் எடுத்தார். அந்தத் துறையில் அவருக்கு அனுபவம் உண்டு.

"ரொம்ப ஆடாதீங்க, மச்சான். குடிச்சவன் ஆட மாட்டான். ஆடாம நடக்கப் பாப்பான். அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறது."

"நானும் அதைத்தானே செய்றேன்?"

அவர் என் கால்களைப் பார்த்தார். "அப்ப ஒண்ணும் மாத்த வேணாம்" என்றார்.

ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். நான் என் கடமையைச் செய்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மனக்கஷ்டம் வந்தால் ஒரு மனிதன் என்னதான் செய்வான் என்று குழறினேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"மாமா, எனக்குத் தெரியும். நீங்க நடிக்க வேணாம்."

"எது நடிப்பு?"

"இப்ப நடக்கிறீங்களே, இது."

"தம்பி, இது என் சொந்த நடை" என்றேன். பையன் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டான். பின்னால் வந்த மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க நான் திரும்பவில்லை. நடந்துகொண்டே திரும்பினால் விழுந்துவிடுவேன்.

சாப்பாட்டுக்கு முன் மாப்பிள்ளையின் தகப்பனார் என்னை மட்டும் வீட்டின் பின்பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். கதவைச் சாத்தினார். பெயின்ட் டின்களுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தார். இரண்டு கிளாஸ். முகத்தில் ஒரு பள்ளிக்கூடச் சிநேகிதனைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

"நம்மளுக்குள்ள என்ன சம்பந்தி. கொஞ்சமா."

"ஐயோ, நான் தொடுறதில்லைங்க" என்றேன்.

நான் குடிகாரன் என்பது எனக்கு மறந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் சொல்லிப் பழகிய வாக்கியம் முந்திக்கொண்டது. டொக்டர் சொன்னது சரிதான், பழசெல்லாம் அப்படியே இருந்தது.

அவர் கிளாஸை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "விடப் பாக்குறீங்க" என்றார். "பொண்ணுக்காக விடப் பாக்குறீங்க. எனக்கு இந்த மனசு இல்லையே." போத்தலை மறுபடி டின்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு நேரே போய்த் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தில் வைத்துச் சொன்னேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அந்த அம்மா ஒரு தீர்மானமான மனுசி. தன் அண்ணன் குடித்தே அழிந்ததைக் கண்ணால் கண்டவர். "விடுறவரு விடட்டும். ஆனா வாயால சொன்னாப் போதாது. அம்மன் முன்னுக்குச் சூடம் ஏத்தி அடிச்சு அணைக்கட்டும். அன்னைக்கே நாள் குறிச்சிரலாம்" என்றார்.

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவன் அதை மீறினால் குடும்பத்துக்கே ஆகாது என்பது எங்கள் ஆட்களிடம் சட்டப் புத்தகத்தை விடப் பலமான நம்பிக்கை. கண்டிக்குத் திரும்பியபின் என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அம்மன்கிட்டயே பொய் சொல்றதா?"

"இதுல பொய் எங்கக்கா இருக்கு?" என்றார் மைத்துனர். "குடிக்க மாட்டேன்னுதானே சொல்லப் போறாரு. குடிக்கவும் மாட்டாரு. இந்த ஊரிலேயே காப்பாத்தப்படப் போற ஒரே சத்தியம் இதுதான்."

"அவ தாயி. அவளுக்குத் தெரியாதா இந்த மனுசன் குடிச்சதில்லன்னு?"

"தெரிஞ்சா நல்லதுதானே. கோவிச்சுக்க மாட்டா."

வாதத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் நாளையும் பஸ்ஸையும் பேசி முடித்துவிட்டார்கள். மகள் மட்டும் என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு வேணாம்னா வேணாம்ப்பா. நான் அவங்கம்மாகிட்ட நேராவே பேசுறேன். நடந்தா நடக்குது." அவள் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. கை மட்டும் முந்தானையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது. நான் சத்தியம் செய்ய ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை. நாவலப்பிட்டிக் கோயிலில் தகரக் கூரைக்குக் கீழே வெயில் கொதித்தது. மேளமும் மணியும் சேர்ந்து அடிக்கும் மின்சார இயந்திரத்தை யாரோ போட்டுவிட்டார்கள். அதன் முன்னால் நல்ல மூளையுள்ளவனே தன் பெயரை மறப்பான். பூசாரி வெற்றிலையில் சூடத்தைக் குவித்துக் கொளுத்தி என் முன்னால் நீட்டினார். சூடு, சத்தம், கூட்டம். நான் பேச வேண்டும், அதே நேரத்தில் தீயை அடித்து அணைக்க வேண்டும். டொக்டர் வேண்டாம் என்று சொன்ன அத்தனையும் ஒரு வெற்றிலையில் வந்து சேர்ந்திருந்தன.

"இன்னைக்கு முதல் நான்..." என்று தொடங்கினேன்.

அதற்குமேல் ஒன்றும் இல்லை. எதையோ விட வேண்டும். அது நல்லதல்ல. அதனால் கல்யாணம் நிற்கிறது. அவ்வளவும் தெரிந்தது. அந்தப் பொருள் மட்டும் வரவில்லை.

"...அதை விட்டுடுறேன்" என்றேன்.

"எதைன்னு சொல்லச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மைத்துனர் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். விரல் சூப்புவதை விட்டுவிடுகிறேன் என்று சொன்னால் அவர்கள் திருப்திப்பட மாட்டார்கள் என்பது வரை எனக்கு விளங்கியது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்தேன்.

"எதைங்க விடணும்?" என்று கேட்டேன்.

சூடம் தானாக எரிந்து அணைந்தது.

மகளின் முகத்தை அப்போது பார்த்தேன். அவள் கண்ணை மூடி நின்றாள். கும்பிடுகிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"வெயிலுக்கு மயக்கம், ஒரு நிமிஷம்" என்று சொல்லி மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைக் கோயிலின் பின்பக்கம், கால் கழுவும் குழாயடிக்கு இழுத்துப்போனார். என் வாயருகே முகத்தைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார்.

"சம்பந்தி, வாசமே இல்லையே. இந்த அளவுக்குத் தலைக்கேறினா வாசம் வரணும். எனக்குத் தெரியும்."

குழாயைத் திறந்து தலையில் தண்ணீரை அள்ளி விட்டுக்கொண்டேன். ஈரம் இறங்க இறங்கச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயர், ஸ்கேன், ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானம். கடைசியில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளைக்கு வருமா?"

"நேரா இறங்குற வருத்தம் இல்லைன்னு டொக்டர் சொன்னாரு. ஆனா பெத்தவங்களுக்கு இருந்தா, மத்தவங்களை விடக் கொஞ்சம் கூடுதலா வாய்ப்பு இருக்கு. வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"சத்தியம் பண்ண வந்த இடத்துல பண்ண மாட்டேங்கிறீங்க" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. குழாயை இறுக்கி மூடினார். அது ஒழுகியது. கடைக்காரர் என்பதால் அதன் வாஷரைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். நான் காத்திருந்தேன். ஒரு கூட்டத்தின் முடிவுக்காக நான் அப்படிக் காத்திருந்ததே இல்லை.

"எங்கப்பாவுக்குச் சீனி" என்றார் ஒருவழியாக. "எனக்கும் சீனி. என் மகனுக்கும் வரும்னுதான் நினைக்கிறேன். நான் அதை உங்ககிட்ட சொன்னேனா?"

"சொல்லலை."

"சொல்லி நீங்க மறந்துட்டீங்களா?"

"அதுவும் இருக்கலாம்."

"அப்ப சரி. என் பொஞ்சாதிகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். குடின்னா அவளுக்குப் புரியும், இது புரியாது. வாங்க. நான் சொல்லித் தாறேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க."

பூசாரி இரண்டாவது சூடத்தைக் கொளுத்தினார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார் சம்பந்தி. எனக்கு ஒரு நேரத்தில் ஒரு சொல்லாகக் கொடுத்தார். மிக நன்றாகக் கொடுத்தார். "இன்னைக்கு முதல் சாராயம்" என்றார், நான் சொன்னேன். "பியர்" என்றார், சொன்னேன். "பிரண்டி, விஸ்கி, கள்ளு." "கசிப்பு." கள்ளச் சாராயம் வரை போனதும் நான் நிறுத்தி, "கசிப்புமா?" என்று கேட்டேன். "சொல்லிருங்க சம்பந்தி, எதுக்கும் இருக்கட்டும்." சொன்னேன். "இதெல்லாம் தொட மாட்டேன், கலந்தும் தொட மாட்டேன், சும்மா வாசத்துக்கும் தொட மாட்டேன்." எல்லாம் சொல்லி உள்ளங்கையால் அடித்தேன். தீ அணைந்தது. என் மனைவி சத்தமாக அழுதாள். அது நிம்மதி என்று எல்லோரும் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் அழவில்லை. கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு மறந்து நிக்கிறாரு. உங்களுக்கு மட்டும் இத்தனை சரக்குப் பேரும் எப்படி இவ்வளவு சுத்தமா வருது?"

"கடைக்கு வாற ஆளுங்க பேசுறது..."

"வாசத்துக்கும் தொட மாட்டேன்னு கடைக்கு வாற ஆளுங்க பேசுவாங்களா? பூசாரி, இன்னும் ஒரு சூடம் வைங்க."

அம்மன் முன்னால் மறுக்க முடியாது. சம்பந்தி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தானே சொல்லி, தானே திருப்பிச் சொல்லி, தானே அணைத்தார். அங்கேயே, கோயில் வாசலிலேயே, கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அந்த மாதங்களில் எனக்கு நோயும் தணிந்திருந்தது. இந்த நோயின் குணம் அப்படி, வரும், அடங்கும், சொல்லாமல் திரும்ப வரும். நான் நேராக நடந்தேன். வந்தவர்களின் பெயர்கள் வந்தன. "பாத்தீங்களா, விட்டதும் முகமே மாறிருச்சு" என்று சம்பந்தியம்மா தன் உறவினர்களிடம் என்னைக் காட்டினார். சிலர் தங்கள் கணவன்மாரை அழைத்துவந்து என்னைப் பார்க்க வைத்தார்கள்.

மகளால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கல்யாணமாகி முதல் தடவை நாங்கள் விருந்துக்குப் போனபோது, என் ஸ்கேன் படத்தை எடுத்துவந்து மாமியார் முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அப்பா ஒரு நாளும் குடித்ததில்லை என்றாள். நானும் என் மனைவியும் இலை முன்னால் கை நனைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி தண்ணீர்க் கிளாஸைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்திருந்தார்.

சம்பந்தியம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"இது மூளையாம்மா?"

"ஆமா, அத்தை."

"இந்த வெள்ளை வெள்ளையா இருக்கிறதெல்லாம்?"

"அதுதான் பழுதான இடம். அதனாலதான் மறதி, தடுமாற்றம் எல்லாம்."

அவர் வெள்ளைப் புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"ஐயோ பாவம், இவ்வளவா குடிச்சிருக்காரு மனுசன்" என்றார்.

மகள் மறுபடி ஆரம்பித்தாள். அவர் கேட்கவில்லை. படத்தைப் பத்திரமாக உறையில் போட்டு என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, மீன் குழம்புச் சட்டியோடு என்னிடம் வந்தார். நடுத்துண்டாகத் தேடி எடுத்து என் இலையில் வைத்தார். "போனது போகட்டுங்க. பிள்ளை பொய் சொல்லுது, அப்பா மானத்தைக் காப்பாத்தத்தானே. நல்ல பிள்ளையைத்தான் எங்களுக்குக் கொடுத்திருக்கீங்க" என்றார்.

மகளைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்று சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சிரிப்பை அடக்க முடியாமல் அவளுடைய தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்திருந்தான். நான் மீனைச் சாப்பிட்டேன்.